காசநோய்க் கிருமிக்கு முட்டைச் சாப்பாடு

காசநோயைக் கண்டறியும் பெரிய ஆய்வகங்களின் கொள்முதல் பட்டியலைப் பார்த்தால், ரசாயனங்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் நடுவே கோழிமுட்டையும் இருக்கும். கையில் கிடைத்த முட்டையெல்லாம் உதவாது. கோழி இட்டு ஒரு வாரம் தாண்டியிருக்கக் கூடாது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து வளர்த்த கோழியாகவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த மருந்தின் மிச்சம் முட்டைக்குள் இறங்கி, எந்தக் கிருமியை வளர்க்க வேண்டுமோ அதையே முடக்கிவிடும். இவ்வளவு பக்குவம் பார்த்து வாங்கும் முட்டை, மனித நுரையீரலில் குடியிருக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற கிருமிக்கான சாப்பாடு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அப்படிப் பார்த்துக் கிருமி கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும். குழந்தைகளின் சளியிலும் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் சளியிலும் பெரும்பாலும் அத்தனை இருப்பதில்லை. அதே சளியை ஊடகம் என்ற உணவுக் கலவையில் இட்டு வளர்த்தால், மில்லிலிட்டருக்குப் பத்து முதல் நூறு கிருமிகள் இருந்தாலே போதும், பெருகி வெளியே வந்துவிடும். கல்ச்சர் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கிருமி சாப்பாட்டு விஷயத்தில் மகா பிடிவாதக்காரன். மற்ற பாக்டீரியாக்களுக்குப் போடும் இறைச்சிச் சாறு இதற்குப் பிடிக்காது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்தாரே, அதற்குமுன் அவரை அதிகம் அலைக்கழித்தது இந்த உணவுப் பிரச்சினைதான். கடைசியில், விலங்குகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைக் குழாய்களில் சாய்வாக ஊற்றி, மெல்லச் சூடாக்கி இறுகவைத்து, அதன்மேல் வளர்த்தார். மற்ற கிருமிகள் ஒரே நாளில் முளைக்க, இது இரண்டாவது வாரத்தில்தான் தலைகாட்டியது. முதல் வாரத்திலேயே பொறுமையிழந்து குழாய்களைத் தூக்கிப்போட்டிருந்தால் அந்த அறிவிப்பே வந்திருக்காது.

கோக்குக்குப் பிறகு இந்தக் கிருமிக்கு என்னென்னவோ பரிமாறிப் பார்த்தார்கள். பிரான்சில் நோக்கார், ரூ இருவரும் கிளிசரால் சேர்த்தால் நன்றாக வளர்கிறது என்று 1887-ல் கண்டார்கள். அமெரிக்காவில் டோர்செட் 1902-ல் முட்டையைக் கொண்டுவந்தார். வியன்னாவின் எர்ன்ஸ்ட் லோவென்ஸ்டைன் 1930-களின் தொடக்கத்தில் முட்டையோடு மாலகைட் பச்சை என்ற சாயத்தைச் சேர்த்து ஒரு கலவை செய்தார். டென்மார்க்கின் ஜென்சன் 1932-ல் அதில் உப்புகளின் அளவை மாற்றி, இன்னொரு சாயத்தை நீக்கி, ஒழுங்குபடுத்தினார். இருவர் பெயரையும் சேர்த்து லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம். ஆய்வகத்தில் எல்.ஜே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்தே காசநோய்க் கிருமியை வளர்த்துக் காட்ட முடியும், மூட்டுவாதம், மனநோய் போன்றவற்றிலும் அது ரத்தத்தில் ஓடுகிறது என்றெல்லாம் லோவென்ஸ்டைன் வாதிட்டுக்கொண்டிருந்தார். பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். அவர் சொன்னபடி வரவில்லை. அந்த வாதம் மறைந்துபோய்விட்டது. அவர் செய்த கலவை தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் தயாராகிறது.

தயாரிப்பை அருகிலிருந்து பார்த்தால் ஆய்வகம் என்ற நினைப்பே மறந்துபோகும். முட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் கால் மணி நேரம் ஊறவைக்கிறார்கள். ஒவ்வொன்றாக உடைத்து, அடித்துக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுகிறார்கள். பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் உப்புகள், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், கிளிசரால் எல்லாம் கரைந்த நீர் 600 மில்லிலிட்டர் என்றால், முட்டை 1,000 மில்லிலிட்டர். அதற்கு இருபது முட்டைக்கு மேல் வேண்டும். கூடவே இரண்டு சதவீத மாலகைட் பச்சைக் கரைசல் 20 மில்லிலிட்டர்.

பிறகு திருகுமூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் ஆறு முதல் எட்டு மில்லிலிட்டர் வரை ஊற்றிச் சாய்த்துப் படுக்கவைத்து, 85 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கிறார்கள். சீம்பால் இறுகுவதுபோல இறுகி, வெளிர்பச்சையில் ஒரு சாய்தளம் கிடைக்கிறது. மற்ற ஊடகங்களை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடலாம். முட்டையை அப்படி வைத்தால் பொங்கிப் பொத்தல் பொத்தலாகிவிடும். எனவே முட்டை கழுவுவதிலிருந்தே சுத்தம் காக்க வேண்டும். சுட்டு எடுத்த புட்டிகளை 37 டிகிரியில் ஓரிரு நாள் வைத்து, வேண்டாத பூஞ்சையோ பாக்டீரியாவோ முளைக்கிறதா என்று பார்த்த பிறகே ஃப்ரிட்ஜுக்கு அனுப்புவார்கள்.

இந்தக் கலவையில் எதுவும் சும்மா இல்லை. மஞ்சள்கருவின் கொழுப்பு கிருமிக்கு உணவு. அதன் உறையே கொழுப்பால் தடித்தது. முட்டையின் புரதம், நஞ்சாகக்கூடிய கொழுப்பு அமிலங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாயத்தின் வேலை காவல்: மற்ற பாக்டீரியாக்களைத் தலையெடுக்க விடாது. கொஞ்சம் கூடிப்போனால் காசநோய்க் கிருமியையும் அடக்கிவிடும். கிளிசரால் மனிதர்களைத் தாக்கும் வகைக்கு விருந்து. மாட்டிலிருந்து வரும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் வகைக்கு அது ஒத்துக்கொள்ளாது. அந்தச் சந்தேகம் இருந்தால் கிளிசராலுக்குப் பதில் பைருவேட் சேர்த்த புட்டியையும் துணைக்கு வைப்பார்கள்.

சாப்பாடு ஆயிற்று. விருந்தாளியைத் தனியே பிரித்து அழைத்துவருவது இன்னும் பெரிய பாடு.

சளி என்பது வாயையும் தொண்டையையும் கடந்து வருவது. அதில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் இருபது நிமிடம், அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளப்பவை. காசநோய்க் கிருமிக்கு இரண்டாகப் பிளக்க 18 முதல் 24 மணி நேரம் தேவை. அப்படியே ஊடகத்தில் தடவினால் மறுநாளே மற்றவை மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடும். அதனால் சளியை முதலில் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடில் கலக்குகிறார்கள். மற்ற பாக்டீரியாக்கள் சாகின்றன. மெழுகு போன்ற தடித்த உறை இருப்பதால் காசநோய்க் கிருமி தாக்குப்பிடிக்கிறது. ஆனால் முழுதாகத் தப்பிப்பதில்லை. அதிலும் ஒரு பங்கு செத்துப்போகிறது. நேரம் கூடினால் சாவும் கூடும். ஆகவே நூறு புட்டிகளில் மூன்று முதல் ஐந்து வரை வேறு கிருமியால் கெட்டுப்போவதை நல்ல ஆய்வகங்கள் இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ஒன்றுகூடக் கெடவில்லை என்றால் பெருமைப்பட முடியாது. சோடா அதிகமாகி, தேடும் கிருமியையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து ஆய்வகத்துக்குச் சளி வந்துசேர நாளாகும் இடங்களில் செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினியைச் சேர்த்து அனுப்புவதுண்டு. ஒரு வாரம்வரை சளி கெடாது. ஆனால் அந்தச் சளியை முட்டை ஊடகத்தில்தான் வளர்க்க முடியும். கிருமிநாசினி கூடவே வந்து ஊடகத்திலும் வேலையைத் தொடரும் அல்லவா? மஞ்சள்கருவில் உள்ள பாஸ்போலிப்பிடுகள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. நவீனத் திரவ ஊடகங்களுக்கு அந்தத் திறமை கிடையாது.

சளி இட்ட புட்டியை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் வெளிர்மஞ்சளாக, வறண்டு, சொரசொரப்பாகக் கிருமிக் குடியிருப்புகள் தெரியத் தொடங்கும். எதுவும் வரவில்லை என்று முடிவெழுத எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். வளர்ந்த புட்டி ஆபத்தானது. ஒரு சிறு குடியிருப்பிலேயே லட்சக்கணக்கான கிருமிகள் இருக்கும். காற்று வெளியே கசியாதபடி உள்ளே அழுத்தம் குறைத்துக் கட்டிய அறைகள், வடிகட்டி பொருத்திய பாதுகாப்புப் பெட்டிகள் எல்லாம் வேண்டும். கல்ச்சர் வசதி தாலுகா மருத்துவமனைவரை பரவாததற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

ஊடகம் என்பது கிருமியை வெறுமனே உட்காரவைக்கும் பலகை இல்லை, கிருமியையே மாற்றிவிடும். அதற்கு நம் குழந்தைகள் பெரும்பாலோர் தோளில் சாட்சி இருக்கிறது. பிரான்சின் லீல் நகரில் கால்மெட், கேரன் இருவரும் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றைக் கிளிசரால் கலந்த உருளைக்கிழங்குத் துண்டில், மாட்டுப் பித்தநீர் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார்கள். கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் பித்தநீர். புதுத் துண்டுக்கு மாற்றி மாற்றி, பதின்மூன்று ஆண்டுகளில் 230 தடவை வளர்த்ததில் அந்தக் கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்தது. அதுதான் பி.சி.ஜி. தடுப்பூசி. சென்னை கிண்டியில் 1948 முதல் இயங்கும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் வழியாக அந்தக் கிழங்குக் கிருமியின் வாரிசுகள் இந்தியாவெங்கும் போயிருக்கின்றன.

சென்னைக்கு இன்னொரு பங்கும் உண்டு, அது இதைவிடப் பெரியது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் முதல் இயக்குநர். சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல காற்றும் சத்துணவும் கொடுத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலம். இந்த மையத்தில் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி தம் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகக் குணமாகியிருந்தன. 1959-ல் முடிவு வெளியானது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட அது வழிவகுத்தது.

குணமாகிவிட்டது என்று அவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? எடை கூடுவதையோ எக்ஸ்-ரே தெளிவதையோ மட்டும் நம்பியிருந்தால் விவாதம் தீர்ந்திருக்காது. மாதாமாதம் சளி வாங்கிக் கல்ச்சரில் வைத்தார்கள். அதில் முளைக்கவில்லை என்ற சான்றுதான் வாதத்தை முடித்துவைத்தது. அங்கே வளர்த்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளில் பல, பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைவிட அந்த விலங்குகளில் வீரியம் குறைந்திருந்ததும் தெரிந்தது. காசநோய்க் கிருமி எல்லா ஊரிலும் ஒரே குணம் கொண்டதில்லை என்பதற்கு அது ஓர் ஆரம்பகால அடையாளம். சேத்துப்பட்டில் உள்ள அந்த மையத்தின் இன்றைய பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கிருமி இருக்கிறதா என்பதைவிடக் கடினமான கேள்வி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்பது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்த சில ஆண்டுகளிலேயே, அதை மட்டும் கொடுத்த நோயாளிகள் முதலில் தேறிப் பிறகு சரிந்ததைப் பிரிட்டனில் கண்டார்கள். காரணம் எளிது. நுரையீரலில் விழுந்த ஒரு பொத்தலில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் சில, மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, தற்செயலான மரபணு மாற்றத்தால் அதற்குக் கட்டுப்படாதவையாக இருக்கும். ஒற்றை மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறது.

ஆக, ஒரு நோயாளியின் கிருமிகளில் எத்தனை பங்கு கட்டுப்படாதவை என்று எண்ண வேண்டியிருந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜார்ஜ் கனெட்டி இதற்கு வழி வகுத்தார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எலியாஸ் கனெட்டியின் தம்பி இவர். தாமே காசநோயால் அவதிப்பட்டவர். மருந்து கலக்காத முட்டைப் புட்டியிலும் மருந்து கலந்த புட்டியிலும் ஒரே கிருமிக் கரைசலை வெவ்வேறு அடர்த்தியில் இட்டு, முளைத்த குடியிருப்புகளை எண்ண வேண்டும். மருந்தில்லாப் புட்டியோடு ஒப்பிட்டால் மருந்துப் புட்டியில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ முளைத்திருந்தால், அந்த மருந்து இந்த நோயாளிக்கு இனி பலிக்காது. பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காக எச்37ஆர்வி என்ற கிருமியின் புட்டிகளும் இருக்கும். 1905-ல் அமெரிக்காவின் சாரனாக் லேக்கில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் வழித்தோன்றல் அது. 1998-ல் முழு மரபணுத் தொகுப்பும் முதலில் படிக்கப்பட்டது அதற்குத்தான்.

முட்டை இங்கே கொஞ்சம் மோசம் செய்கிறது. ஐசோனியாசிட் மருந்தை மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் சேர்த்தால் போதும். ரிஃபாம்பிசினை மட்டும் 40 மைக்ரோகிராம் கொட்ட வேண்டும். திரவ ஊடகத்தில் அதே ரிஃபாம்பிசின் பல காலம் ஒரு மைக்ரோகிராம்தான். முட்டையை இறுக்கும் சூட்டில் மருந்தின் ஒரு பகுதி வீணாகிறது. மிச்சத்தில் பெரும்பங்கை முட்டையின் புரதமும் கொழுப்பும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பைராசினமைடு இன்னும் வம்பு: அமிலத்தில்தான் வேலை செய்யும், ஆனால் அமிலத்தில் கிருமி சரியாக வளராது.

திரவ ஊடகங்களின் கதை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தொடங்குகிறது. அங்கே 1940-களில் ரெனே டூபோ, ட்வீன் 80 என்ற பொருளையும் ஆல்புமினையும் சேர்த்து, திரைதிரையாகப் படரும் இந்தக் கிருமியைத் திரவத்தில் சீராகக் கலந்து வளரவைத்தார். அவருடைய முதல் மனைவி 1942-ல் காசநோயால் இறந்தவர். டூபோவோடு வேலை செய்த மிடில்புரூக்கின் பெயரில்தான் இன்றைய 7எச்9 திரவமும் 7எச்10 என்ற இறுகிய அகார் ஊடகமும் இருக்கின்றன. இப்போது பரவலாக உள்ள எம்.ஜி.ஐ.டி. கருவியில் அந்த 7எச்9 திரவம் நிரப்பிய குழாய்கள் வரிசையாக நிற்கும். குழாயின் அடியில் ருத்தீனியம் கலந்த ஒரு சிறு படிவு. திரவத்தில் ஆக்ஸிஜன் இருக்கும்வரை அது ஒளிராது. கிருமி பெருகி ஆக்ஸிஜனைத் தீர்த்ததும், புற ஊதா ஒளியில் ஒளிரத் தொடங்கும். கருவியே பார்த்துச் சொல்லிவிடும். முட்டையில் மாதமாகும் விடை ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. 42 நாள் வரை ஒளிரவில்லை என்றால் இல்லை என்று முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் இதைப் பரிந்துரைத்தது. விரைவுக்கு ஒரு விலை உண்டு: சத்தான திரவத்தில் வேண்டாதவையும் உற்சாகமாக முளைப்பதால், ஐந்து ஆன்டிபயாடிக்குகளைக் கலந்து ஊற்றியும்கூட முட்டைப் புட்டியைவிட அதிகக் குழாய்கள் கெடுகின்றன.

அவ்வளவு பணம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் பெருவின் லிமா நகர ஆய்வாளர்கள். குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் திரவ ஊடகத்தை ஊற்றிச் சளியை இட்டு, கீழிருந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். காசநோய்க் கிருமி திரவத்தில் முறுக்கிய கயிறாக வளரும். ஒரு வாரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. பக்கத்துக் குழியில் மருந்து கலந்திருந்தால் மருந்துச் சோதனையும் முடிந்தது.

பிறகு மரபணுச் சோதனைகள் வந்தன. இந்திய மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அழைக்கும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஏற்றது. சளியிலிருந்தே இரண்டு மணி நேரத்துக்குள், கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று சொல்கிறது. கோவாவில் உருவான ட்ரூநாட் அதே வேலையைப் பேட்டரியில் ஓடும் கருவியில் செய்கிறது. சிகிச்சையை உடனே தொடங்க இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. கல்ச்சருக்காக யாரும் மாத்திரையைத் தள்ளிப்போடுவதில்லை, போடவும் கூடாது.

அப்படியானால் முட்டையை மூட்டை கட்டிவிடலாமா என்றால், எஸ்வாத்தினி நாட்டின் அனுபவம் வேறு மாதிரி. சிபிநாட் கருவி ரிஃபாம்பிசினுக்கான மரபணுவின் ஒரு சிறு பகுதியை மட்டுமே படிக்கிறது. அந்நாட்டில் 2009-10-ல் சேகரித்த, பல மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளில் சுமார் 30 சதவீதத்தில் மாற்றம் அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தது. கருவியின் கண்ணில் அவை மருந்துக்கு அடங்கும் கிருமிகள்.

இதைவிடச் சுவாரசியமான செய்தி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உள்ள வெப்பமண்டல மருத்துவ நிலையத்திலிருந்து வந்தது. சில கிருமிகள் முட்டைப் புட்டியில் ரிஃபாம்பிசினுக்கு அடங்காமல் வளர்ந்தன. நவீனத் திரவக் கருவியோ அவற்றை அடங்கும் கிருமிகள் என்றது. மரபணுவைப் பார்த்தபோது முட்டை சொன்னதுதான் சரி. அந்த மரபணு மாற்றங்கள் கிருமியின் வளர்ச்சியையும் மந்தப்படுத்துகின்றன. திரவக் கருவி சில நாளில் கணக்கை முடித்துக்கொள்வதால், மெதுவாக வளர்பவை அதற்குள் எண்ணிக்கையில் சேர்வதில்லை. முட்டைப் புட்டியை நான்கு வாரம், ஆறு வாரம் வைத்துப் பார்ப்பதால் அவை சிக்கிக்கொள்கின்றன. எல்லோரும் குறையாகச் சொன்ன தாமதம் இங்கே பலமாகிவிட்டது. திரவ ஊடகத்தில் ரிஃபாம்பிசினின் அளவை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்ததற்கு இப்படிப்பட்ட கிருமிகள்தான் காரணம்.

சிகிச்சை நடுவிலும் மரபணுச் சோதனை தடுமாறும். மாத்திரையால் செத்த கிருமியின் மரபணு வாரக்கணக்கில் சளியில் வந்துகொண்டிருக்கும். கருவிக்குச் செத்ததும் உயிருள்ளதும் ஒன்றுதான். அதனால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் குணமாவதை இன்னமும் கல்ச்சரில்தான் பின்தொடர்கிறார்கள்: அடுத்தடுத்த சளிகளில் எதுவும் முளைக்கவில்லை என்றால்தான் மருந்து பிடித்துவிட்டது என்று எழுதுவார்கள்.

அவர்களுக்கு இப்போது கொடுக்கும் முக்கிய மருந்தான பெடாகுவிலின் முட்டைக்கு ஒத்துவரவில்லை. கொழுப்பிலும் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு மிக அதிகம். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சோதனைக்கான அளவை எம்.ஜி.ஐ.டி. திரவத்துக்கும் 7எச்11 அகாருக்கும் வகுத்தது, எல்.ஜே. புட்டிக்கு வகுக்கவில்லை. பெடாகுவிலின் பலிக்குமா என்று பார்க்க வேண்டிய கிருமி, முட்டையில் எவ்வளவு நன்றாக முளைத்திருந்தாலும், அங்கிருந்து எடுத்துத் திரவக் குழாய்க்கு மாற்றப்படுகிறது.